நடுவில் 220 ரூபாயை யார் தின்றது? பூம்பாறைப் பூண்டை ஆன்லைனில் விற்ற கணக்கு

கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் எனக்கு ஒரு சின்ன கம்ப்யூட்டர் கடை. பான் கார்டு விண்ணப்பம், பட்டா நகல், ரயில் டிக்கெட், இதுதான் பிழைப்பு. 2024 பிப்ரவரிக் கடைசியில் ஒருநாள் சித்தப்பா பக்கத்து மலைக்கிராமமான பூம்பாறையிலிருந்து வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பூண்டு விலை தமிழ்நாடு முழுக்க செய்தியாக இருந்த நேரம் அது. சில்லறையில் கிலோ 400, 500 என்று போய்க்கொண்டிருந்தது. அவருக்குப் படிப்படியாக இறங்கும் நிலம் ஒன்றேகால் ஏக்கர், அதில் பாதிக்கு மலைப்பூண்டு. வாங்கிக் கொடுத்த டீ ஆறிக்கொண்டிருக்க, கேட்டார்: "ஏன்டா தம்பி, மெட்ராஸ்ல ஐநூறுக்கு விக்கிறானாம். மண்டிக்காரன் எனக்கு இருநூத்தி எண்பது தர்றான். நடுவுல இருநூத்தி இருபது ரூபாய யார்டா திங்கிறா?"

எனக்கும் அப்போது பதில் தெரியாது. தெரியாததால்தான் "ஆன்லைன்ல போட்டுருவோம் சித்தப்பா" என்று சொல்லிவிட்டேன். அடுத்த இரண்டு மாதத்தில் ஒரு விற்பனைத் தளம் வழியாக 34 பொட்டலம், ஒவ்வொன்றும் ஒரு கிலோ, அனுப்பினோம். நாள், எடை, செலவு, வந்த புகார் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். கீழே இருப்பது அந்த நோட்டிலிருந்து. விற்கிறவர்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருப்பதுதான் இதில் அதிகம், ஆனால் அதே வீட்டில் சித்தி ஆன்லைனில் மளிகை வாங்குகிறவர், அவர் பக்கத்துக் கதையும் நடுவே வரும்.

பதிவு செய்கிற இடத்திலேயே முதல் தடுமாற்றம். "சொந்த நிலத்துல வெளஞ்சத விக்க எதுக்குடா லைசென்ஸ்" என்பது சித்தப்பாவின் கட்சி. பாதி உண்மைதான். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தன் 18-ஆம் பிரிவில் விவசாயியையும் விவசாய வேலையையும் வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் தளத்தின் படிவத்துக்கு அந்தப் பிரிவெல்லாம் தெரியாது. உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண்ணுக்கான கட்டத்தை நிரப்பினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். அப்போது ஆண்டு விற்பனை 12 லட்சத்துக்குள் என்றால் உரிமம் வேண்டாம், பதிவு போதும், ஆண்டுக்கு 100 ரூபாய். கட்டிவிட்டோம். இந்த நூறு ரூபாய்க்குப் பயந்து ஏஜெண்டிடம் மூவாயிரம் கொடுத்தவர்களை என் கடையிலேயே பார்த்திருக்கிறேன். ஜிஎஸ்டியிலும் இதே குழப்பம் உண்டு. பச்சைப் பூண்டுக்கு வரி இல்லை, வரி இல்லாத பொருளை மட்டும் விற்கிறவர் பதிவு செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை. சில தளங்கள் கேட்கத்தான் செய்யும். நாங்கள் போனது கேட்காத தளம்.

புவிசார் குறியீட்டையும் சொல்லிவிடுகிறேன். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு அது 2019-ல் கிடைத்தது. பூம்பாறைக்காரர் என்றால் அந்த முத்திரையைத் தானாகவே போட்டுக்கொள்ளலாம் என்று ஊரில் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, அங்கீகரிக்கப்பட்ட பயனராகத் தனியே பதிவு செய்தால்தான் போடலாம். நாங்கள் போடவில்லை. போடாமல் நேர்மையாக இருந்தோம், சரி, ஆனால் அதே தளத்தில் 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்று தேடினால், பெரிய பெரிய பல்லோடு பளிச்சென்று வெள்ளையாக ஒரு பூண்டுப் படம் வந்து நின்றது. மலைப்பூண்டை ஒருமுறை உரித்தவர்கூட அது எந்த ஊர்ப் பூண்டாக இருந்தாலும் நம் ஊர்ப் பூண்டில்லை என்று சொல்லிவிடுவார். சித்தப்பா அதைப் பார்த்து அரைமணி நேரம் திட்டினார். அது நோட்டில் இல்லை.

பூஞ்சை, அப்புறம் எடை

இந்த விவகாரத்தின் உயிர்நாடி இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதல் பதினைந்து பொட்டலத்தைக் கனமான பிளாஸ்டிக் கவரில் போட்டு, சூடு வைத்து ஒட்டி அனுப்பினோம். காற்றுப் புகாமல் அடைத்தால் பொருள் கெடாது என்பது நாங்கள் இருவருமே சந்தேகப்படாத விஷயம். கடையில் வாங்குகிற எல்லாமே அப்படித்தானே வருகிறது. பொட்டலம் வத்தலக்குண்டு இறங்கி, திண்டுக்கல் போய், இன்னும் ஏதோ இரண்டு கிடங்கில் தூங்கி, ஏழெட்டு நாள் கழித்து சென்னை சேர்ந்தது. இரண்டு பேர் படம் அனுப்பினார்கள். கவருக்குள் முத்து முத்தாகத் தண்ணீர், பூண்டின் அடிப்பக்கம் சாம்பல் நிறப் பூஞ்சை. மூன்றாவதாக ஒருவர், பூண்டு நன்றாக இருக்கிறது, ஆனால் கவர் வற்றிச் சுருங்கிப் போயிருக்கிறதே, ஓட்டையா என்று கேட்டார். அதற்கு விளக்கம் இருக்கிறது, சித்தி கதையில் வரும்.

பூண்டு உயிருள்ள பொருள். பிடுங்கிய பிறகும் மூச்சு விடும், ஈரம் விடும். எங்கள் வீட்டுப் பழக்கப்படி தாளோடு, அதாவது தண்டும் இலையுமாக, சேர்த்துக் கட்டி, அடுப்புப் புகை படுகிற மாதிரிப் பரணில் தொங்கவிட்டு, வாரக்கணக்கில் காயவிட்ட பிறகுதான் விற்பார்கள். அப்படிக் காய்ந்த மலைப்பூண்டு மாதக்கணக்கில் கிடக்கும் என்பதுதான் அதன் பெருமை. நாங்களோ விலை இறங்குவதற்குள் விற்றுவிட வேண்டும் என்று, மாசியில் பிடுங்கி பத்தே நாளில் தாளை வெட்டிப் பொட்டலம் போட்டோம். குளிரில் ஒட்டிய கவர், பங்குனி வெயிலில் லாரிக்குள் வெந்துகொண்டு போயிருக்கிறது. பூண்டு விட்ட ஈரம் போக வழியில்லை. பூஞ்சை வராமல் என்ன செய்யும்?

சரி, கவர் வேண்டாம் என்று வலைப்பைக்கு மாறினோம், மேலே ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி. பூஞ்சைப் புகார் நின்றது. நிம்மதியாக இருந்தது நாலு நாள்தான். தாம்பரத்திலிருந்து ஓர் அம்மா, தராசில் பூண்டு இருக்கும் படத்தோடு எழுதியிருந்தார்: 946 கிராம். நாங்கள் போட்டது 1005 கிராம், நோட்டில் இருக்கிறது, நானே நிறுத்தேன். சித்தப்பாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "என் வாழ்நாள்ல ஒருத்தன ஏமாத்துனதில்ல. மலையில எடை வேற, கீழ வேறடா, அத எழுதிப் போடு" என்றார். மலையில் எடை வேறுதான், அதில் பொய்யில்லை. ஆனால் 2,100 மீட்டர் உயரத்தில் அந்த வித்தியாசம் கிலோவுக்கு ஒரு கிராம்கூட வராது, அதுவும் எங்கள் பக்கம்தான் குறைத்துக் காட்டும். அதே பூண்டு கீழே போனால் தராசில் ஒரு துளி கூடத்தான் செய்யவேண்டும். 59 கிராம் எங்கே போனது? ஓட்டை வழியாகக் காற்றில் போனது. கவரில் தண்ணீர் முத்தாக நின்றதே, அதே ஈரம்தான். முதலில் உள்ளே நின்று பூஞ்சையானது, இப்போது வெளியே போய் எடைக்குறைவானது. நாங்கள் பையைத்தான் மாற்றியிருந்தோம், நோயை மாற்றவில்லை.

வாங்கியவர் மீது தப்பே இல்லை. ஒரு கிலோ என்று அச்சிட்ட பொட்டலத்துக்கு எடையளவுச் சட்ட விதிகள் பொறுத்துக்கொள்ளும் பிழை 15 கிராம். 54 கிராம் குறைவுக்கு 'ஈரம் காய்ந்துவிட்டது அம்மா' என்று பதில் எழுதினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? பணத்தைத் திருப்பினோம், பொட்டலமும் திரும்பி வந்தது.

மண்டிக்காரர் ஞாபகம் எனக்கு அன்றைக்குத்தான் வந்தது. அவர் சாக்கில் கையை விட்டு நாலு பூண்டை எடுப்பார், தாள் வெட்டிய இடத்தைக் கட்டைவிரலால் அழுத்துவார், ஒன்றும் சொல்லாமல் சிட்டையில் கழிவு என்று கொஞ்சம் எடையைக் குறைத்து எழுதுவார். சின்ன வயதில் அது கொள்ளை என்று நினைத்திருக்கிறேன். கொள்ளையும் கொஞ்சம் இருக்கும், இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கட்டைவிரல் பார்த்தது ஈரத்தை. நாங்கள் தாம்பரத்து அம்மாவிடம் கொடுத்த கழிவை அவர் மலையிலேயே எழுதிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் விஷயம்.

பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் காசு

ஒரு கிலோ பூண்டை அனுப்ப ஒரு கிலோவுக்கான கூரியர் கட்டணம் ஆகும் என்று நினைப்பது இயல்பு. கூரியர்காரர்கள் இரண்டு எடை பார்க்கிறார்கள். ஒன்று தராசு எடை. மற்றொன்று பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து வரும் எடை. எது கூடுதலோ அதற்குத்தான் பில். எங்களிடம் கிடைத்த பெட்டி 30-க்கு 20-க்கு 15. பெருக்கினால் 9000, வகுத்தால் 1.8 கிலோ. அரைக்கிலோ அரைக்கிலோவாக ஏறும் கணக்கில் அது 2 கிலோ. அதாவது பூண்டோடு கொடைக்கானல் காற்றையும் ஒரு கிலோ ஏற்றி அனுப்பியிருக்கிறோம், காற்றுக்கு மட்டும் யாரும் காசு தரவில்லை. கிலோ பூண்டுக்கு 20-க்கு 15-க்கு 12 பெட்டி தாராளம். ஆனால் அதிலும் ஒரு சிக்கல், பூண்டு ஒரு கிலோ, பெட்டி நூறு கிராம் என்றால் 1.1 கிலோ, அடுத்த படிக்கு ஏறி 1.5 கிலோ விலை. ஆன்லைனில் சிலர் 900 கிராம், 850 கிராம் என்று விசித்திரமான எடையில் விற்பதைப் பார்த்து 'என்ன திருட்டுத்தனம்' என்று நினைத்திருக்கிறேன். திருட்டுத்தனம் எப்போதும் இல்லை, சிலசமயம் அது கூரியர் படி.

இனி கணக்கு. கிலோ 480 ரூபாய்க்குப் போட்டோம். தளத்தின் கமிஷன், மற்ற கட்டணம், அவற்றின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 77. கூரியர் 118. பெட்டி, பை, டேப் 22. மீதி 263. மண்டியில் 280-ல் பத்து சதவீதக் கமிஷன் 28, வண்டிக்கூலி சுமைக்கூலி 7 போனால் கைக்கு வருவது 245. பதினெட்டு ரூபாய் லாபம் என்று சித்தப்பா அன்று பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

திரும்பி வந்தவற்றைச் சேர்த்த பிறகு நிலவரம் வேறு. 34-ல் 29 விற்பனைதான் திரும்பாமல் நிலைத்தது. 263 வீதம் 7,627 ரூபாய். இரண்டு பொட்டலம் வாசலில் பணம் கொடுக்கும் முறையில் போனவை. ஒருவர் வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தார், ஒருவர் 'நான் ஆர்டரே போடவில்லை' என்றார். தாம்பரத்துப் பொட்டலம் ஒன்று. இந்த மூன்றுக்கும் போன கூலி 118, வந்த கூலி 60, பெட்டி 22, ஆக தலைக்கு 200. பூஞ்சை பிடித்த இரண்டுக்கும் திரும்பும் கூலி இல்லை, தலைக்கு 140. மொத்த நட்டம் 880. மிச்சம் 6,747 ரூபாய். மூன்று கிலோ பூண்டு திரும்பி வந்ததால் செலவானது 31 கிலோ. வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு 218-க்கும் கொஞ்சம் குறைவு. மண்டி தந்திருக்கக்கூடியது 245. சித்தி உட்கார்ந்து தாள் வெட்டி, மண் துடைத்து, பொடிப்பூண்டைப் பிரித்த கூலி இதில் சேரவில்லை. சேர்த்தால் சித்தி என்னைச் சும்மா விடமாட்டார்.

நடுவில் யாரும் இல்லாமல் நேரடியாக விற்கிறோம் என்பதுதான் பெரிய தப்பெண்ணம் என்று நான் இப்போது சொல்வேன். நடுவில் ஆள் இல்லாமல் போகவில்லை. தரம் பார்ப்பது, ஈரத்துக்குக் கழிப்பது, வாங்காமல் போகிறவனின் நட்டத்தைத் தாங்குவது, கெட்டதைத் தூக்கிப் போடுவது, இந்த வேலை எல்லாம் அப்படியே இருந்தது. ஆளை எடுத்துவிட்டோம், அவன் வேலையை எடுத்துச் செய்ய எங்களுக்குத் தெரியவில்லை.

சித்தி வாங்கிய பக்கம்

இதே இரண்டு மாதத்தில் சித்தி அதே மாதிரி ஒரு தளத்தில் மளிகை வாங்கிக்கொண்டிருந்தார். பூம்பாறைக்கு டெலிவரி உண்டு என்று காட்டும், பொட்டலம் மட்டும் என் கடையில்தான் இறங்கும், நான் பஸ்ஸில் ஏற்றி அனுப்பவேண்டும். ஒருநாள் சிப்ஸ் பாக்கெட்டும் பருப்புப் பொடியும் பந்து மாதிரி உப்பிக்கொண்டு வந்தன. 'உப்பியிருந்தால் கெட்டது' என்று சித்தி இரண்டையும் திருப்பச் சொல்லிவிட்டார். டப்பாவில் அடைத்த உணவு உப்பினால் அந்தப் பயம் சரியான பயம், அதைத் தொடவே கூடாது. ஆனால் இந்த உலர்ந்த பாக்கெட்டுகள் உப்பியது மலையால். கீழே அடைத்த காற்று உள்ளே அப்படியே இருக்க, கொடைக்கானல் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது; பாக்கெட் புடைக்கிறது. நாங்கள் மேலே ஒட்டிய கவர் சென்னையில் சுருங்கி நின்றதும் இதே கணக்குதான், தலைகீழாக. ஒரே வாரத்தில் சித்தப்பா 'வாங்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியல' என்றும், சித்தி 'விக்கிறவன் ஏமாத்துறான்' என்றும் ஒரே அடுப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள்.

தேங்காய் எண்ணெய் இன்னொரு வழக்கு. பாட்டில் கட்டியாக வந்தது, கலப்படம் என்றார். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும், எங்கள் ஊரில் அது உறையாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடையில் வாங்கும்போது கட்டியாக இருந்தால் கண்டுகொள்ளாதவர், போனில் வாங்கினால் மட்டும் சந்தேகப்படுகிறார். தேன் உறைவதும் இப்படித்தான், அதில் இருக்கும் குளுக்கோஸ் குளிரில் மணி மணியாகப் பிரிவது. உறைந்ததை வைத்துக் கலப்படம் என்றும் சொல்ல முடியாது, சுத்தம் என்றும் சொல்ல முடியாது.

சித்தி நியாயமாகச் சண்டை போட வேண்டிய இடத்தில் போடவில்லை. மசாலா பாக்கெட் ஒன்று, காலாவதிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது வந்தது. திரையில் விலை, எடை, தயாரித்தவர் முகவரி எல்லாம் காட்டவேண்டும் என்பது விதி, ஆனால் பொட்டலமிட்ட மாதமும் ஆண்டும் காட்டக் கட்டாயமில்லை. வாங்குகிறவர் முன்கூட்டிப் பார்க்க முடியாதது பாக்கெட்டின் வயதைத்தான். 2024 இறுதியில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் ஆன்லைன் வியாபாரிகளிடம், கையில் சேரும்போது ஆயுளில் 30 சதவீதமோ 45 நாளோ மீதம் இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. இப்போது அப்படி வந்தால் சித்தி படம் எடுத்துப் புகார் போடுகிறார், 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததென்று அவர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும் என்பதும் அவருக்கு மனப்பாடம். மசியவில்லை என்றால் 1915, நுகர்வோர் உதவி எண். எண்ணெயில் மில்லியையும் கிராமையும் பார்க்கிறார், ஒரு லிட்டர் என்பது சுமார் 910 கிராம்தான் என்று தெரிந்த பிறகு 'ஆஃபர்' பாதி ஓடிவிட்டது.

ஒரு மோசடியும் நடக்க இருந்தது. ராணுவ கேம்ப்புக்கு ஐம்பது கிலோ பூண்டு வேண்டும் என்று இந்தி கலந்த தமிழில் ஒருவர் சித்தப்பாவுக்குப் போன் செய்தார். அட்வான்ஸ் வர இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணுங்கள், பின் நம்பர் போடுங்கள் என்றார். பணம் வாங்கப் பின் நம்பர் எப்போதும் தேவையில்லை, அது கொடுக்க மட்டும்தான். இது சித்தப்பாவுக்குத் தெரியாது. ஸ்கேன் செய்து பின் நம்பரும் போட்டுவிட்டார். ஆனால் அந்த நேரம் பார்த்து பூம்பாறையில் டவர் போய்விட்டது. சுற்றிக்கொண்டே இருந்தது, நின்றுவிட்டது. நாங்கள் பத்து வருடமாகத் திட்டிய டவர். எனக்குப் போன் வந்ததும் பின் நம்பரை மாற்றச் சொன்னேன். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடித்திருக்க வேண்டும்.

இந்த வருடம் பூண்டு பரணில் ஆறு வாரம் தொங்கியது. பொட்டலம் 850 கிராம், சின்னப் பெட்டி, வலைப்பை. நிறுக்கும்போது 20 கிராம் கூடப் போட்டுவிடுகிறோம். வாசலில் பணம் கொடுக்கும் முறை கிடையாது. தளத்தை விட்டுவிட்டு, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் மட்டும் விற்கிறோம். விளைச்சலில் கால்வாசிதான் இப்படிப் போகிறது, மிச்சம் மண்டிக்கு. மண்டிக்காரர் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு இந்தமுறை கழிவு எழுதவில்லை, காய்ந்த பூண்டு என்று கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடவும் போட்டார்.

போன வாரம் தாம்பரத்து அம்மா கூப்பிட்டார். அவர்தான் இப்போது எங்கள் பழைய வாடிக்கை. பூண்டு பச்சையாக முளை விட்டிருக்கிறதாம், பழைய சரக்கை அனுப்பிவிட்டீர்களா என்றார். சித்தப்பா போனை என்னிடம் தராமல் தானே கேட்டார்:

"ஏம்மா, ஃப்ரிட்ஜுல வச்சீங்களா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"குளிருல வச்சா அது மழைக்காலம் வந்துருச்சுன்னு நெனச்சுக்கும்மா. வெளிய கூடையில போட்டு வைங்க. முளைச்சது கெட்டதில்ல, இன்னிக்கே குழம்புல போட்டுருங்க."